புளியமரத்தில் எழுதிய எண்
சாலையோர மரங்களைப் 'பாதுகாப்பு' கருதி அகற்றும் முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

ஊருக்கு வெளியே வளைவில் நிற்கும் புளியமரத்தில் ஒரு நாள் காலை எண் ஒன்று தெரியும். பட்டையைக் கையகலத்துக்குச் செதுக்கி, சிவப்பு பெயின்டில் 47 என்றோ 48 என்றோ எழுதியிருப்பார்கள். எதற்கு இந்த எண் என்று எதிர்த்த டீக்கடையில் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "மகசூல் ஏலம் வருது, அதுக்கு நம்பர் போட்டிருக்காங்க" என்பார் ஒருவர். நெடுஞ்சாலைப் புளியமரங்களின் பழத்தை ஏலம் விடுவது நம் ஊரில் வெகுகாலப் பழக்கம். "இல்லண்ணே, வெட்டப் போறாங்க. போன மாசம் ஒரு பைக்காரன் மோதிட்டான்ல" என்பார் இன்னொருவர்.

இந்தக் கட்டுரை இரண்டாவது பதிலைப் பற்றியது.

'அகலப்படுத்தப் போகிறோம்' என்று சொல்லி மரத்தை வெட்ட வந்தால் ஊரில் நாலு பேராவது கூடுவார்கள். 'பாதுகாப்புக்காக' என்று சொன்னால் வாயடைத்துவிடும். உயிர்ப் பிரச்சினையில் யார் குறுக்கே நிற்பது? அந்தத் தயக்கம் நியாயமானதும்கூட. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 64,105 விபத்துகள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். ஆகவே 'மரம்தான் முக்கியம், மனிதன் பார்த்து ஓட்டட்டும்' என்று சொல்லிவிட்டு நகர முடியாது. சிக்கல் என்னவென்றால், பாதுகாப்பு என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. பேருந்தின் கூரையில் உரசும் கிளையைக் கழிப்பதும் பாதுகாப்புதான். வளைவில் மறைக்கும் புதரை அகற்றுவதும், பட்டுப்போன மரத்தைச் சாய்ப்பதும், நல்ல மரத்தையே 'வண்டி மோதக்கூடும்' என்று வெட்டுவதும் அதே சொல்லில் அடங்கிவிடுகின்றன. சுற்றுச்சூழல் இழப்போ ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எந்த வேலை என்று பிரித்துக் கேட்காமல் இழப்பைக் கணக்கிடவே முடியாது.

முதலில் பார்வை மறைப்பை எடுத்துக்கொள்வோம். அதிகமாகச் சொல்லப்படும் காரணம் அது. அளந்து பார்க்கச் சுலபமானதும் அதுதான்.

எதிரே ஏதோ கிடப்பதைப் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க இரண்டரை நொடி ஆகும் என்று நம் சாலைப் பொறியாளர்கள் வைத்துக்கொள்கிறார்கள். 60 கி.மீ. வேகத்தில் அந்த இரண்டரை நொடிக்குள் வண்டி ஏறக்குறைய 42 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடித்து நிற்கும் தூரம். இரண்டையும் சேர்த்து 60 கி.மீ. வேகத்துக்கு 80 மீட்டர், 80 கி.மீ. வேகத்துக்கு 120 மீட்டர் தடையில்லாமல் தெரிய வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கு. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், பார்க்க வேண்டிய பொருள் 15 சென்டிமீட்டர் உயரம் கொண்டதாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் பார்வைக் கோடு ஓடுவது இடுப்பு, மார்பு உயரத்துக்குக் கீழே.

அந்த உயரத்தில் முதிர்ந்த புளியமரத்துக்கு இருப்பது தண்டு மட்டும். கிளையெல்லாம் தலைக்கு மேலே. அங்கே மறைப்பது தண்டுக்கும் தண்டுக்கும் நடுவே முளைத்த சீமைக் கருவேலம், அடியில் தழைத்த புதர், அரசியல் பேனர், மணல் குவியல், நிறுத்தி வைத்த டிராக்டர். ஆனால் பட்டியல் போடும்போது மரத்துக்குத்தான் எண் விழுகிறது, பேனருக்கு விழுவதில்லை. வளைவின் உள்பக்கத்தில் மரங்கள் நெருக்கமாக நின்றால் கதை வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாய்கோணத்தில் பார்க்கும்போது தண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவர் போலத் தெரியும். அங்கே ஒன்றிரண்டு மரம் போக வேண்டியதுதான். வெளிப்பக்கத்து வரிசைக்கும் நேர்ச்சாலை மரங்களுக்கும் அதே காரணத்தைச் சொன்னால் அது பொருந்தாது.

சந்தேகம் இருந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்கே போய்ப் பார்க்கலாம். செல்போனை 1.2 மீட்டர் உயரத்தில் பிடித்து, 80 மீட்டர் தள்ளி ஒரு செங்கல்லை நிறுத்தி வைத்துப் படம் எடுத்தால் எது மறைக்கிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். சாலைக்கு உள்ளே நின்று எடுக்க வேண்டாம், விளிம்பில் நின்றாலே போதும்.

அடுத்து, மோதல். சாலையை விட்டு விலகும் வண்டிக்கு ஓரத்தில் தடையில்லாத வெளி வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. 1960-களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தளத்தில் சாலையை விட்டு இறங்கிய வண்டிகளைக் கவனித்தபோது, நூற்றுக்கு எண்பது வண்டி 30 அடிக்குள் நின்றதையோ திரும்பியதையோ கண்டார்கள். அதிலிருந்துதான் ஒன்பது மீட்டர் வெட்டவெளி என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால் அதிவேக நெடுஞ்சாலைக்கு இந்த எண்ணம் சரிதான்.

நம் மாவட்டச் சாலையில் அந்த ஒன்பது மீட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். மின்கம்பம், சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர், கோயில் வளைவு, கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். மரத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டால், மரத்தில் மோதியிருக்க வேண்டிய வண்டி பெஞ்சில் இருப்பவர் மேல் ஏறும். ஓரம் வெறிச்சோடினால் சாலை கண்ணுக்கு அகலமாகத் தெரியும், அகலமாகத் தெரிந்தால் கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தும் என்பதும் ஓட்டுகிற எவருக்கும் தெரிந்த விஷயம். பிரான்சில் சாலையோரப் பிளேன் மரங்களை வெட்டுவதா வேண்டாமா என்று பல ஆண்டுகள் சண்டை நடந்தது. கடைசியில் 2016-ல் வந்த பல்லுயிர்ச் சட்டம் சாலையோர மரவரிசைகளுக்குத் தனிப் பாதுகாப்புக் கொடுத்தது.

ஆக, மோதல் காரணத்தோடு வரும் மரத்துக்கு முதல் கேள்வி விபத்துப் பதிவேட்டில்தான் தொடங்க வேண்டும். ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிர்ப்பலியோ படுகாயமோ உண்டான 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் நடந்திருந்தால்தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்த இடத்தை பிளாக் ஸ்பாட் என்கிறது. அந்த 500 மீட்டரில் நடந்தவற்றில் எத்தனை மரத்தில் மோதியவை, எத்தனை பின்னாலிருந்து வந்து இடித்தவை என்று காவல் நிலைய எப்.ஐ.ஆர். சொல்லும். நாடு தழுவிய கணக்கில் முன்னணியில் நிற்பது பின்னாலிருந்து இடிக்கும் விபத்துதான். அதற்கு மரம் என்ன செய்யும்?

மூன்றாவது, 'அபாய மரம்'. நீலகிரிப் பக்கம் இந்தச் சொல் அன்றாடம் புழங்குகிறது. மழைக்காலத்தில் கற்பூர மரம் சாலையில் சாய்ந்து ஆள் இறப்பது அங்கே கற்பனை இல்லை. பட்டுப்போன மரத்தையும், வேர் கிளம்பிச் சாய்ந்த மரத்தையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் சமவெளியில் அபாய மரம் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் கோபம்தான் வரும். அடிமரத்தில் குப்பையைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். பட்டை கருகி உள்ளே பொந்து விழுகிறது. டியூஷன் சென்டர் பலகைக்கு ஆணி அறைகிறார்கள். கேபிள் பதிக்க ஜேசிபி ஒரு பக்க வேரை அறுத்துவிட்டுப் போகிறது. நடைபாதை போட வருபவர் தண்டை ஒட்டி சிமென்ட் போட்டு மூடுகிறார். மூன்று வருடம் கழித்து ஆடிக்காற்றில் மரம் ஆடினால், 'ஆபத்தான நிலையில் உள்ளது' என்று அறிக்கை. மரத்தின் வயதை எழுதும் படிவத்தில், அதை ஆபத்தாக்கியது யார் என்று எழுத ஒரு கட்டம் இருந்தால் நன்றாக இருக்கும்.

பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. குழாய் உள்ளே காலியாக இருந்தும் நிற்கிறதல்லவா? சுற்றிலும் இருக்கும் கெட்டி மரத்தின் தடிப்பு, தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் பெரும்பாலும் தாங்கும் என்பது மர மருத்துவர்களின் தோராய விதி. சுத்தியலால் தட்டி ஓசை கேட்பது, அடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று பார்ப்பது, வேர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பது. இவ்வளவையும் செய்ய அரை மணி நேரம் ஆகாது. அந்தப் பொந்தில்தான் புள்ளி ஆந்தையும் கிளியும் மைனாவும் குடியிருக்கின்றன. இளமரத்தில் பொந்து கிடையாது. ஐம்பது, அறுபது ஆண்டு நின்ற மரம்தான் அந்த வீட்டைக் கொடுக்கும்.

இனி, இழப்பை அளக்கும் வேலை. வழக்கமாக நடப்பது இதுதான்: ஊழியர் இருவர் டேப்போடு வந்து, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை அளந்து, மர வகையையும் உயரத்தையும் எழுதிக்கொண்டு போவார்கள். அந்தக் கணக்கிலிருந்து கிடைப்பது எத்தனை கன மீட்டர் மரம், விறகுக்கு எவ்வளவு, தடிக்கு எவ்வளவு என்ற விலை. மரம் செத்த பிறகு என்ன தரும் என்பதை அந்த எண்கள் சொல்லும். உயிரோடு நின்று என்ன தருகிறது என்பதைச் சொல்லாது.

அதற்கு முதலில் அளக்க வேண்டியது நிழல் வட்டம். உச்சி வெயிலில் மரத்தடியில் நிழல் விழும் விளிம்பைக் குறித்து, குறுக்களவு எடுத்தால் போதும். நடுத்தர வயதுப் புளியமரத்துக்கு 16 மீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொண்டால், பரப்பு ஏறக்குறைய 200 சதுர மீட்டர். 'ஒன்றுக்குப் பத்து' என்று நடப்படும் கன்று ஒவ்வொன்றுக்கும் அரை மீட்டர் குறுக்களவு என்றால், பத்துக்கும் சேர்த்து 2 சதுர மீட்டர். நூற்றில் ஒரு பங்கு! எல்லாக் கன்றும் பிழைத்தால்தான் அதுவும். கன்றுகள் வளராதா என்றால் வளரும், ஆனால் நடுவில் கழியும் இருபது முப்பது கோடைகளை யார் கணக்கில் எழுதுவது? நிழலில் கிடக்கும் தார், வெயிலில் கிடக்கும் தாரைவிட 10 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கும். காரில் ஏசி போட்டுப் போகிறவருக்கு அது பொருட்டில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும், சித்திரை மாதத்தில் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் அது பெரிய விஷயம்.

கார்பன் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். ஒரு டன் காய்ந்த மரத்தை எரித்தால் 1.8 டன் கரியமில வாயு வெளியேறும். மேசை நாற்காலியானால் அது உள்ளேயே தங்கும், செங்கல் சூளைக்குப் போனால் அந்த வாரமே ஆகாயத்துக்குப் போகும். ஆகவே வெட்டிய மரம் எங்கே போகிறது என்பதும் மதிப்பீட்டில் வர வேண்டும்.

பணமாகவே சொன்னால்தான் காதில் விழும் என்றால் அதற்கும் வழி உண்டு. மேற்கு வங்கத்தில் ஜெஸ்ஸூர் சாலையின் பழைய மரங்களில் 356-ஐ வெட்டி ரயில்வே மேம்பாலங்கள் கட்டுவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு அதன் வயதின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 74,500 ரூபாய் என்று சொன்னது. 2021-ல் அது செய்தியானது. 80 வயது மரம் என்றால் 59,60,000 ரூபாய். விறகுக் கடை விலையோடு இதை ஒப்பிடவே வேண்டாம். அந்தக் கணக்கு வந்த பிறகும், 2023-ல் மரங்களை வெட்ட நீதிமன்றம் அனுமதி கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளும் மனிதர்களின் கணக்கு இன்னொரு தட்டில் இருந்தது. மதிப்பிடுவது என்பது வெட்டவே கூடாது என்று முடிவெடுத்துவிட்டு எண் தேடுவதல்ல.

உயிரினக் கணக்குக்குக் காலமும் நேரமும் முக்கியம். பகல் பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்து பார்த்தால் மரத்தில் இரண்டு காக்கையும் ஒரு அணிலும் தெரியும். அதே மரத்தை மாலை ஆறரைக்குப் பார்த்தால் மைனாக் கூட்டம் அடையும் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேச்சு கேட்காது. ஆல், அத்தி பழுத்திருக்கும் நாளில் இரவு வந்தால் பழந்தின்னி வௌவால். கூடு கட்டும் மாதங்களில் ஒரு முறை, மற்ற காலத்தில் ஒரு முறை, பகலில் ஒன்று, அந்தியில் ஒன்று என்று பார்ப்பதே முறையான கணக்கெடுப்பு. 2022-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை 66-க்காகக் கூடுகளோடு இருந்த ஒரு மரத்தைச் சாய்த்தபோது, பறக்கத் தெரியாத குஞ்சுகள் தரையில் விழுந்து கிடந்த வீடியோவை நாடே பார்த்தது. சில வாரங்கள் பொறுத்திருந்தால் அவை பறந்திருக்கும். 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அடங்கும் என்பது ஒப்பந்ததாரர்கள் பலருக்குத் தெரியாது.

மரத்தையாவது எண்ணுகிறார்கள். புதரை யாரும் எண்ணுவதில்லை. 'முட்புதர் அகற்றம்' என்று ஒரே வரி. ஜேசிபி ஒரு சுற்று வந்தால் வேலை முடிந்தது. அதில் சீமைக் கருவேலம் போனால் யாரும் அழப் போவதில்லை (மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம்). ஆனால் அதே வாளியில் ஆவாரம், எருக்கு, துத்தி எல்லாம் போகின்றன. எருக்கு இலை வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்குச் சாப்பாடு. ஆவாரம் பூத்தால் தேனீ வரும். மண்ணைச் சுரண்டி மொட்டையாக விட்ட இடத்தில் அடுத்த மழைக்கு முளைப்பது பெரும்பாலும் பார்த்தீனியம். ஆறு மாதத்தில் அது இடுப்பளவு வளர்ந்து, எந்தப் பார்வையைத் திறக்கப் புதரை எடுத்தார்களோ அந்தப் பார்வையை மறைத்துக்கொண்டு நிற்கும். வளைவின் உள்பக்கத்தில் மட்டும், அதுவும் முழங்கால் உயரத்துக்குக் கத்தரித்து விட்டால் போதுமான இடங்களே அதிகம். அதற்கு அரிவாளும் நான்கு ஆட்களும் வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை. ஜேசிபிக்கு பில் போடுவது சுலபம் என்பதால் அந்தப் பக்கமே கை போகிறது.

மண்ணுக்கும் கணக்கு உண்டு. நம் சாலைகளில் பல, கண்மாய்க் கரை மேலேயே ஓடுகின்றன. அங்கே பனையும் கருவேலமும் வேரால் கரையைப் பிடித்து வைத்திருக்கின்றன. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்ததில் இந்த அக்கறையும் அடக்கம். மலைச்சாலையில் இது இன்னும் கூர்மையானது. மரத்தை வெட்டிய அன்றே சரிவு இளகிவிடாது, அடிவேர் அப்படியே இருக்கும். சில ஆண்டுகளில் வேர் மக்கி, புதிய வேர் இன்னும் பிடிக்காத இடைவெளியில் ஐப்பசி மழை வந்து அடிக்கும்போது மண் இறங்கும். அப்போது மரம் வெட்டிய கோப்பு எங்கேயோ மூடிக் கிடக்கும். சரிவுக்கு மழை காரணம் என்று எழுதப்படும்.

சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா? 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பெரிய நெடுஞ்சாலைத் திட்டங்களைப் பார்ப்பது. வளைவில் ஆறு மரம், அடுத்த ஊரில் பத்து மரம் என்று பராமரிப்புக் கணக்கில் போகும் வெட்டு அதன் வலையில் விழாது. மாவட்டம் முழுக்கக் கூட்டினால் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டாலும், ஒவ்வொரு கோப்பிலும் அது சின்ன வேலைதான். தமிழ்நாட்டில் இந்த ஓட்டையை ஓரளவு அடைப்பது 2021-ல் அமைக்கப்பட்ட பசுமைக் குழு. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். பொது இடத்து மரத்தை வெட்ட அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வெட்டினால் ஒன்றுக்குப் பத்து நட வேண்டும். குழு கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டால் நல்ல ஏற்பாடு. மரப் பட்டியலையும் சுற்றளவையும் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அது இன்னொரு மேசை, அவ்வளவே.

வேறு வழி பார்த்தீர்களா என்பது அந்தக் கேள்விகளில் முதலாவதாக இருக்கட்டும். வளைவுக்கு முன் வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும், தண்டுக்கு முன் கிராஷ் பேரியர், இரவில் மின்னும் ரிஃப்ளெக்டர், 5.5 மீட்டர் உயரத்துக்குக் கீழே வரும் கிளையைக் கழிப்பது. இதில் எதைச் செய்து பார்த்தும் விபத்து குறையவில்லை என்று காட்டட்டும். வேரோடு பெயர்த்து நடலாமே என்ற யோசனையும் வரும். ஆல், அரசு, பூவரசு, ஒதியன் ஆகியவை போத்து வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும் சாதி. பெயர்த்து நட்டாலும் பிழைக்க வாய்ப்பு அதிகம். முதிர்ந்த புளியும் வேம்பும் அப்படியில்லை. புளியமரத்தைப் பெயர்த்து நடுகிறோம் என்று கிரேனோடு படம் பிடித்துப் போடுவதைப் பார்த்தால், ஒரு வருடம் கழித்து அதே இடத்தில் எடுத்த படத்தையும் கேட்கலாம்.

கடைசியாக, அந்தப் பத்துக் கன்றுகள் எங்கே நடப்படுகின்றன என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். நான் பார்த்த சாலைகளில் பாதி இடத்தில் அவை மின்கம்பிக்கு நேர் கீழே நிற்கின்றன. ஏழெட்டு ஆண்டில் கம்பியைத் தொட்டதும் மின்வாரிய ஆட்கள் அரிவாளோடு வந்து தலையை வெட்டிவிட்டுப் போவார்கள், அவர்கள் சொல்வதும் பாதுகாப்புதான். மீதி இடங்களில் அடுத்த வழித்தடத்துக்கென்று ஒதுக்கி வைத்த நிலத்திலேயே நட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் மின்கம்ப வரிசையும், சாலையின் வருங்கால எல்லையும், தண்ணீர் ஊற்றப் போகும் ஆளுக்கு எத்தனை ஆண்டுக் கூலி ஒதுக்கியிருக்கிறது என்பதும் குறித்திருக்க வேண்டும்.